மெத்தை அண்ணே ஸ்பீக்கர் வாங்கிய விதம்

போன ஆண்டு ஆகஸ்ட் பதினாறாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து நாற்பது, மண்டையைப் பிளக்கும் வெயில். ஸ்பீக்கர் கடைக்குள் போய், கடையின் தரைவிரிப்பைச் சுருட்டி வெளியே போடச் சொன்ன ஒரே மனிதர் பினாங்குத் தீவிலேயே எங்கள் மெத்தை அண்ணேதான். உடன் போன நான் சாட்சி.

ஜெலுத்தோங் அடுக்குமாடியில் அவர் எனக்கு எதிர்வீடு. அப்போது அவருக்கு அந்தப் பெயர் வந்திருக்கவில்லை. அவர் மனைவி பிலோமினா அக்காவுக்குக் காது மந்தமாகிக்கொண்டிருந்தது. ஜொகூரில் இருக்கும் மகள் ஞாயிறுதோறும் வீடியோ அழைப்பில் வீட்டு டிவியில் தோன்றிப் பேசுவாள். முதலில் அக்கா "என்னடி, என்னடி" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு அதை நிறுத்திவிட்டு, எதற்கும் சிரிக்க ஆரம்பித்தார். ஒருநாள் மகள் வயிற்றுவலி என்றாள். அதற்கும் சிரித்தார். அன்று அண்ணே சோறு சாப்பிடவில்லை. மறுநாள் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டு வந்து இறங்கின.

கடையில் தேனாக ஒலித்தவை வீட்டில் கிணற்றுக்குள்ளிருந்து பேசின. அண்ணே சத்தத்தைக் கூட்டினார், குழப்பமும் கூடியது. கீழ்வீட்டுச் சீனர் துடைப்பத்தால் கூரையை இடித்தார். கடைக்காரன் சாமானை மாற்றிவிட்டான் என்று அண்ணே சண்டைக்குப் போய், கடைத் தம்பியை வீட்டுக்கே அழைத்து வந்துவிட்டார். தம்பி சுற்றிப் பார்த்தான். வழவழ தரை, வெறும் சுவர், ஒரு திரைகூட இல்லை. தினமும் இரண்டு தடவை தரை துடைக்கும் அக்காவுக்கு விரிப்பு என்றாலே ஆகாது. சத்தம் சுவரில் மோதித் திரும்பி அடுத்த சொல்லின் மேல் விழுகிறது, ஸ்பீக்கர் மேல் குற்றமில்லை என்றான் தம்பி.

"அப்ப என் வீட்டைக் கடைக்குக் கொண்டாந்துர்றேன் லா," என்றார் அண்ணே.

அப்படித்தான் அந்தச் சனிக்கிழமை விரிப்பு சுருண்டது, திரைகள் இறங்கின, சோபா வாசலுக்குப் போனது.

"அங்கிள், முதலாளி பாத்தா என்னை வெட்டிருவாரு."

"வரட்டும் தம்பி. அவருக்கும் ஒரு நாற்காலி போடு."

சோபாவை யாராவது தூக்கிப் போய்விடுவார்களோ என்று நான் உள்ளுக்கும் வாசலுக்குமாக அலைந்தேன். அண்ணே பாட்டு எதுவும் போடவில்லை. கைப்பேசியில் பதிந்து வைத்திருந்த மகளின் பேச்சைத்தான் போட்டார். வெற்றறையில் அந்தப் பெரிய ரக ஸ்பீக்கர்கள் கடையிலேயே உளறின. பதினொரு ஜோடி கேட்டோம், எண்ணியது நான். கடைசியில் ஒரு கையால் தூக்கிவிடக்கூடிய சின்ன ஜோடி, நாற்காலிக்கு அருகே வைத்ததும், சொல் சொல்லாகப் பேசியது. வீட்டிலிருந்த பெரியவற்றைச் சில நூறு வெள்ளி நட்டத்துக்குத் திருப்பிக் கொடுத்து, அதை வாங்கினார்.

வீட்டில் அக்காவின் நாற்காலிக்கு இருபுறமும் அவற்றை வைத்தார். அதுவும் போதாதென்று, ஞாயிறு மாலையானால் படுக்கையறை மெத்தையை இழுத்து வந்து ஹால் சுவரில் சாய்த்தார். பெயர் வந்தது அதனால்தான். லிஃப்டில் யாராவது கேலி செய்தால் அசரமாட்டார்.

"உங்க வீட்டு மெத்தைக்குத் தூங்க மட்டுந்தானே தெரியும்," என்பார்.

இப்படி ஒருவர் எங்கள் மாடியில் இருக்கிறார் என்று நான் சொல்லிப் பெருமைப்படாத ஆளில்லை.

முதல் ஞாயிறு நானும் போய் உட்கார்ந்தேன். சரியும் மெத்தையை முதுகால் தாங்கிக்கொண்டு அண்ணே நின்றார். மகள், அப்பா காதில் விழக் கூடாதென்று குரலைத் தாழ்த்தி, "அம்மா, அப்பா இதுக்கு எவ்ளோமா செலவழிச்சாரு?" என்றாள்.

அக்கா சிரிக்கவில்லை. திருப்பிச் சொல்லச் சொல்லவும் இல்லை. அண்ணே சட்டென்று மெத்தைப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியதை நான் பார்க்காதது போல் இருந்தேன்.

"எல்லாம் சேத்து," என்றார் அக்கா, "ஆயிரத்து இருநூத்தி எண்பது வெள்ளிடி."