டெஸ்ட் மெயில் திருவேங்கடம்

"நான் அனுப்பிச்சா அவங்களுக்குப் போய்ச் சேருமா பேபி?"

"சேரும் சார்."

"சேரும்னா இன்னா அர்த்தம்? பார்க்க வாணாமா?"

திருவேங்கடம் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இருபத்தாறு வருடம் தரம் பார்த்தவர். சாம்பிள் எடுத்துச் சோதிக்காமல் ஒரு பெட்டியைக்கூட வெளியே விட்டதில்லை. தொண்ணூற்றொன்பதில் கம்பெனி அவருக்கு விருப்ப ஓய்வு கொடுத்தது. விருப்பம் கம்பெனியுடையது.

கல்யாணம் ஆகாதவர். கள்ளிக்குப்பத்தில் ஒற்றை அறை. ரேடியோவில் செய்தி வாசிப்பவர் வணக்கம் சொன்னதற்குத் தானும் எழுந்து வணக்கம் சொன்ன அன்று, அவருக்கே பயம் வந்துவிட்டது. நேரே பேபியின் பிரவுசிங் சென்டருக்கு வந்தார்.

பேபி அவருக்கு மெயில் கற்றுக்கொடுத்து, 'அம்பத்தூர் நண்பர்கள்' என்ற குழுவிலும் சேர்த்துவிட்டாள். ஊரைவிட்டுப் போன பதினேழு பேர் அதில் இருந்தார்கள். ஒருவர் எழுதினால் எல்லோருக்கும் போகும்.

தன்னைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக் கொண்டுவந்திருந்தார். ஆனால் சரக்கை ஏற்றும் முன் சாம்பிள் அனுப்புவதுதானே முறை? 'டெஸ்ட்' என்று ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினார்.

பத்தே நிமிடத்தில் மூன்று பதில்கள். 'வந்தது. இனி டெஸ்ட் எல்லாம் வேண்டாம்' என்றார் சிங்கப்பூர் வேம்புலி. 'டெஸ்டில் நீங்கள் பாஸ்' என்றார் குவைத் ராணி. பாஸ்டன் தசரதன் மட்டும், 'திருவேங்கடம் அவர்களே, பதினேழு பேர் வேலையைக் கெடுப்பதுதான் உங்கள் வேலையா?' என்று கேட்டிருந்தார்.

"திட்டறாரு பேபி!" என்றார் திருவேங்கடம், முகமெல்லாம் பல்லாக. "அங்க இப்போ நடுராத்திரி. தூக்கத்துலேர்ந்து எழுந்து வந்து திட்டறாருமா. இன்னா அக்கறை பாரு!"

ஐந்து மாதமாக அவர் பேரைச் சொல்லி யாரும் திட்டக்கூட இல்லை.

மறுநாள் மன்னிப்புக் கடிதம் எழுதினார். மன்னிப்பு வழியில் தொலைந்துவிட்டால் வம்பு. அதனால் முதலில் 'மன்னிப்பு டெஸ்ட்' என்று ஒன்றை அனுப்பினார்.

ஏழு பேர் பாய்ந்தார்கள். 'இன்னொரு டெஸ்ட் வந்தால் நீக்கப்படுவீர்கள்' என்று குழு நிர்வாகி எச்சரிக்கை விடுத்தார்.

திருவேங்கடம் அதை இரண்டு முறை படித்தார். 'எச்சரிக்கை கிடைத்தது. இது கிடைத்ததா?' என்று உடனே பதில் போட்டார்.

அவ்வளவுதான். 'இவரை இன்றே நீக்குங்கள்' என்றார் தசரதன். 'பெரியவரிடம் இப்படியா பேசுவது?' என்று கேட்டார் ராணி. 'நீங்கள் என்ன அவருக்கு வக்கீலா?' என்றார் தசரதன். வெள்ளிக்கிழமைக்குள் ஒன்பது பேர் இந்தப் பக்கம், எட்டுப் பேர் அந்தப் பக்கம். சமாதானம் செய்யப் போய் திருவேங்கடம், 'இருவர் சொல்வதும் நியாயமே' என்று எழுதினார். இரண்டு பக்கமும் சேர்ந்து அவரைப் பிடித்துக்கொண்டது. கடைசியில், தான் குழுவைவிட்டே போவதாக ராணி அறிவித்துவிட்டார்.

அன்று திருவேங்கடத்துக்குச் சோறு இறங்கவில்லை. கிடைத்ததே பதினேழு பேர். அவர்களையும் பிரித்துவிட்டோமே என்று துக்கமாக இருந்தது. நான்கு பக்கக் கடிதம் இன்னும் சட்டைப்பையிலேயே இருந்தது.

சனிக்கிழமை காலை சென்டருக்குப் போனார். நாலு கம்ப்யூட்டரும் சும்மா கிடந்தன. முன்மேசையில் பேபி மட்டும் மூச்சுவிடாமல் தட்டிக்கொண்டிருந்தாள்.

"என் பேரை எடுத்துடும்மா" என்றார். "என்னால அவங்களுக்குள்ள சண்டை வாணாம். பதினேழு பேரும் ஒத்துமையா இருக்கட்டும்."

பேபியின் கை நின்றது.

"போவாதீங்க சார். ராணிய நான் சமாதானம் பண்ணிடறேன்."

"உனக்கு எதுக்குமா வீண் தொல்லை? எனக்குத் தனியா கீறது பழக்கம்தான்."

பேபி காலி நாற்காலிகளை ஒருமுறை பார்த்தாள்.

"எனக்குப் பழகல சார். அந்தப் பதினேழு பேரும் நான்தான்."