பௌர்ணமியன்று தீவில் பூமி பூஜை

விழுப்புரத்தில் மல்லாட்டை, அதாவது மணிலாக்கொட்டை, மண்டி வைத்திருந்தவனுக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அதை நான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டுதான் ஒப்புக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் கடைசி. ஊரெல்லாம் மனைப் பைத்தியம். (கேப்பை வெளைஞ்ச கொல்லைக்கெல்லாம் 'நகர்'னு பேரு வெச்சிக்கினு இருந்தாங்க. எங்க மச்சான் பேருல கூட ஒரு நகர் இருக்கு. அவன் அந்தப் பக்கம் போனதே இல்ல, அது வேற கதை.) மரக்காணம் பக்கம் உப்பங்கழிக்கு நடுவே இருந்த ஒரு மணல்திட்டை 'தீவு நகர்' என்று சொல்லி ஒரு புரோக்கர் விற்றார். பெரிய குடும்பங்களுக்கு மட்டும்தானாம். கண்டவர் உள்ளே வர முடியாதாம். நான் பார்க்கப் போன அன்று திட்டு நன்றாகக் காய்ந்து கிடந்தது. சுற்றுச்சுவர் இல்லை, ஆனால் படகு ஒதுங்கும் இடத்தில் பெரிய இரும்பு கேட் நின்றது. 'அந்நியர் உள்ளே வரக் கூடாது' என்று அதில் எழுதியிருந்ததைப் புரோக்கர்தான் வாசித்துக் காட்டினார். எனக்குப் படிப்பு கிடையாது. அந்த கேட்டுக்காகவே மனை வாங்கினேன்.

அப்போது என் மகள் செல்விக்குத் திண்டிவனத்தில் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம். பையன் வாத்தியார். மண்டிக்காரன் வீடுதானே என்று அவர்கள் கொஞ்சம் யோசிப்பதாக எனக்குப் பட்டது. தீவு மனையை மகளுக்குச் சீராகவே தருகிறேன், பூமி பூஜைக்கு வாருங்கள் என்று பையனின் அப்பா அம்மாவை அழைத்தேன். நாள் குறித்தது நானே. பௌர்ணமி. எங்கள் பக்கம் அதை மிஞ்சிய நல்ல நாள் உண்டா?

ஐயர், தேங்காய், செங்கல், பட்டுப்புடவைகள் எல்லாம் ஏறிப் படகு கிளம்பியது. கொஞ்ச தூரம் போனதும் தண்ணீருக்கு நடுவே கேட் மட்டும் தன்னந்தனியாக நின்றது. தீவைக் காணோம்.

வழி மாறிவிட்டாயா என்று படகுக்காரரை அதட்டினேன்.

"இதான் எடம். பௌர்ணமிக்குக் கடலு ஏறும், கழி ரொம்பிடும். நீங்க தண்ணிலயே பூஜ பண்றதா வேண்டிக்கினு வந்தீங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார் அவர்.

கௌரவத்தை விட முடியுமா? வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். என் மனையின் எல்லைக் கல்லைக் காலால் துழாவினேன். கல் கிடைத்தது, கட்டைவிரல் நகம் போனது. ஐயர் படகில் உட்கார்ந்தபடியே மந்திரம் சொன்னார். செங்கல் முழுகியது. தேங்காய் மிதந்துகொண்டே கேட் வழியாக வெளியே போனது. (உள்ள வர்றவங்களுக்குத்தான் தடை போல.)

பையனின் அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறார், சம்பந்தம் போச்சு என்று நினைத்துவிட்டேன். என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே சொல்ல முடியாது. அப்புறம்தான் தெரிந்தது, அந்த அம்மாள் சிரிப்பை அடக்க முடியாமல் தவித்துக்கொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் கைகொடுத்து என்னைப் படகில் ஏற்றினார்.

"எங்களுக்குப் பொண்ணு போதுங்க சம்பந்தி. சீருன்னு ஒண்ணும் செய்யாட்டி கூட பரவால்ல. இந்தத் தீவ மட்டும் எங்க தலையில கட்டிடாதீங்க."

சம்பந்தி என்றாரே, அது போதும் எனக்கு. தை மாதம் கல்யாணம் நடந்தது.

தீவை வாங்க ஆளில்லை, இன்றும் என் பேரில்தான் கிடக்கிறது. விருந்துக்கு வந்த மாப்பிள்ளை எதற்காவது முறுக்கிக்கொண்டு சாப்பிட மாட்டேன் என்றால் நான் கெஞ்சுவதில்லை. செல்வியைக் கூப்பிட்டு, அவர் காதில் விழும்படி சொல்வேன்: "நாளைக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ் போறேன்மா. அந்தத் தீவ மாப்ள பேருக்கே எழுதிடறேன்."

இலை போடுவதற்கு முன்பே வந்து உட்கார்ந்துவிடுவார்.