கண்ணை மூடினால் இலவசம்

மாமனார் வீட்டுக்குள் நுழையக் காசு கட்டிய மாப்பிள்ளை, இந்த மதராஸ் ராஜதானியிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அந்தப் பெருமையை எனக்குத் தந்தவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து ‘ஓரணாக்காரர்’. பெற்றவர்கள் வைத்த பெயர் என்னவென்று எனக்கே கல்யாணப் பத்திரிகையைப் பார்த்துத்தான் தெரிந்தது.

பாட்டன் காலத்து வீடு. நடுக்கூடம் முழுக்க மூங்கில் கழிகள். அந்த வீட்டில் மூன்று தலைமுறையாக நெய்ததில் வருஷத்துக்கு ஒரு பட்டுப்புடவை வீதம் எடுத்து வைத்துத் தொங்கவிட்டிருந்தார். பார்க்க ஆளுக்கு ஓரணா. துரையும் துரைசாணியும் வந்தபோதும் கணக்காக இரண்டணா வாங்கினார். ஒரு தாசில்தார், “நான் சர்க்கார் ஆளய்யா!” என்று மிரட்டிப் பார்த்தார்.

“அப்ப சர்க்கார்கிட்டயே வாங்கிக்கினு வாங்க” என்று கதவைச் சாத்திவிட்டார் மனிதர்.

ஊருக்கு இது வேடிக்கை. அவர் பெண்ணுக்கோ வினை. பெண் பார்க்க வந்த இரண்டு கூட்டம் வாசலிலேயே கோபித்துக்கொண்டு வண்டியைத் திருப்பிவிட்டது. மூன்றாவதாகத் தென்னேரியிலிருந்து போனவர்கள் நாங்கள். இதுவும் தட்டிப்போனால் அப்புறம் ஒருத்தனும் அந்தத் தெருப்பக்கம் வரமாட்டான் என்று தரகர் கெஞ்சித்தான் கூட்டிப்போனார்.

“பொண்ணு பாக்க வந்தவங்களையே காசு கேக்குறியே, நீயெல்லாம் மனுசனாய்யா?” என்று வாசலில் குதித்தார் என் நைனா.

“பொண்ணு பாக்கக் காசு இல்லீங்க, பொடவ பாக்கத்தான். பொண்ணு அந்தாண்ட ரூம்புல இருக்குது. கண்ண மூடிக்கினு கூடத்தத் தாண்டிடுங்க, காலணாகூட வாணாம்.”

சத்தியமாகச் சொல்கிறேன், தாண்டினோம்! முன்னால் தரகர், அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நைனா, நைனாவின் துண்டைப் பிடித்துக்கொண்டு அம்மா, கடைசியில் நான். ‘டொம்’ என்று ஒரு சத்தம்.

“தூணுங்க, பாத்து வாங்க!” என்றார் ஓரணாக்காரர்.

“பாத்தா காசு கேப்பியேய்யா!” என்று அலறினார் தரகர்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்தேன். எதிரே கதவிடுக்கில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரித்த சிரிப்பில் அவள் கண்ணில் தண்ணீர். நான் மறு கண்ணையும் திறந்துவிட்டேன்.

“தம்பி கண்ணத் தொறந்துட்டாரு!” ஓரணாக்காரர் கையை நீட்டினார். கொடுத்தேன்.

பெண்ணைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்ததும் நைனா, “இந்தப் பைத்தியக்கார வூட்டு சம்பந்தமே வாணாம். வண்டியக் கட்டு” என்றார். ஓரணாக்காரர் முகம் செத்துப்போயிற்று. வாங்கின காசைத் திருப்பிக் கொடுக்க மடியை அவிழ்த்தார். அவருடைய ஆயுசிலேயே அதுதான் முதல் தடவை.

“வச்சிக்கோங்க மாமா” என்றேன். “நைனா, எனக்கு இந்தப் பொண்ணுதான்.”

தென்னேரி வருமட்டும் நைனா என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்; வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் சம்மதித்தார். தை மாதம் கல்யாணம் நடந்தது.

தன் கையால் நெய்த அரக்குப் புடவையைக் கழியிலிருந்து உருவி, மகளுக்கு முகூர்த்தப் புடவையாகக் கொடுத்தார் மாமனார். ஆனால் கழியை மட்டும் எடுக்கவில்லை. பிறகொரு நாள் நான் போயிருந்தபோது, வந்த கூட்டத்தை அந்த வெறும் கழிக்கு முன்னால் நிறுத்திவைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார்: “இங்க இருந்தத எம்பொண்ணு கட்டிக்கினு போயிட்டா. நல்லா இருக்குறா.”

ஒன்றுமில்லாத இடத்தை எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். நான் அந்த மனுஷன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.