அத்தானின் ஜெப முறையும் பல் டாக்டரின் கார் பாடமும்

கர்த்தருக்குள் பிரியமான அத்தானுக்கு,

ஸ்தோத்திரம். ஆண்டவருடைய கிருபையால் இங்கே நானும் என் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருக்கிறோம். வெள்ளைக் காரின் பின்பக்கம் மட்டும் அவ்வளவு சுகமில்லை. அங்கே நீங்கள் நலமாயிருப்பீர்கள் என்றும் அக்காவின் முட்டிவலி குறைந்திருக்கும் என்றும் நம்புகிறேன். குறைந்திருந்தாலும் சரி, குறையாவிட்டாலும் சரி, இந்தக் கடிதத்தை அக்காவுக்குப் படித்துக்காட்ட வேண்டாம். காரணம் போகப்போகத் தெரியும்.

நம் டிரைவிங் ஸ்கூலைக் கொடுத்துவிடுவதா, வைத்துக்கொள்வதா என்று குழம்பிப்போய் உங்களுக்குப் போன் செய்தேன் அல்லவா? ஊரின் மறுகோடியில் கண்ணாடிக் கட்டடம் கட்டி, திரைக்கு முன்னால் உட்கார்ந்தபடியே கார் ஓட்டப் பழகுகிற இயந்திரமெல்லாம் வாங்கி வைத்திருக்கிறார்களே, அந்தப் பெரிய ஸ்கூலிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, உங்கள் ஸ்கூலை எங்களோடு சேர்த்துக்கொள்கிறோம், நீங்கள் மேற்பார்வையாளராக வந்துவிடுங்கள், மற்ற ஆட்கள் வேண்டாம் என்றார். மற்ற ஆட்கள் என்றால் நம் மாஸ்டர் ஒருவர்தான். முதல் கார் வாங்கிய நாளிலிருந்து என்னோடு இருக்கிறவர். பழக வருகிறவர்களைத் திட்டாமல் அவரால் ஒரு தெருவைக் கடக்க முடியாது என்பது உண்மை. ஆனால் என் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் என்றால் முதலில் வாசலில் வந்து நிற்கிறவரும் அவர்தான். அவரை எந்த வாயால் போகச் சொல்வது? வைத்துக்கொண்டால், பழக வருகிறவர்கள் குறைந்துகொண்டே போகிற ஸ்கூலை எப்படி நடத்துவது? ஊரிலுள்ளவர்களுக்கெல்லாம் எங்கே திரும்ப வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தே பிழைக்கிறவன் நான், என் விஷயத்தில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறேன், ஜெபம் மட்டும் பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று உங்களிடம் புலம்பியதற்கு நீங்கள் சொன்னீர்கள்:

"மாப்ள, நீ பண்றதுக்குப் பேரு ஜெபம் இல்ல. ஆசீர்வதியும், ஆசீர்வதியும்னு ஆபீசர்கிட்ட கையெழுத்து வாங்கப் போன மாதிரி நிக்கிற. ஒரு நோக்கத்தோட பண்ணு. ஒரே ஒரு கேள்வி. அதை வாய்விட்டுத் தெளிவாக் கேளு. பதில் வர்ற வரைக்கும் கண்ணைத் திறக்காத."

அந்தக் கடைசி வாக்கியத்தை நீங்கள் சொல்லாமல் இருந்திருக்கலாம் அத்தான்.

முதலில் வீட்டில்தான் ஆரம்பித்தேன். கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் முழங்கால் போட்டுக் கண்ணை மூடினால், அடுத்த அறையில் மகள் பாடகர் குழுவுக்காகக் கீபோர்டு பழகுகிறாள். பாட்டு நாலு சுரம் போகிறது, ஐந்தாவதில் வழுக்கி விழுகிறது, மறுபடி முதலிலிருந்து எழுந்து வருகிறது. நானும் என் கேள்வியை முதலிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதற்குள் மகன் வந்து, "அப்பா, கால் கொஞ்சம் தூக்குங்க, என் சாக்ஸ் மேல முட்டி போட்டிருக்கீங்க" என்கிறான். சரி, வீடு ஒத்துவராது என்று ஆபீசுக்குப் போனேன். முன்னால் என் மனைவி மேசை போட்டு உட்கார்ந்து போன் எடுப்பாள், பின்னால் தடுப்புக்கு அந்தப் பக்கம் பழைய டயர்கள் கிடக்கும். டயர்களுக்கு நடுவே குனிந்து, "ஆண்டவரே, காட்டும்" என்று ஆரம்பித்தேன். விசாரிக்க வந்த ஒரு மனிதர் எட்டிப் பார்த்து, "என்ன சார் விழுந்துடுச்சு? இருங்க, நானும் ஒரு பக்கம் தேடுறேன்" என்று எனக்குப் பக்கத்திலேயே மண்டியிட்டுவிட்டார். நல்ல மனிதர். என்னத்தைத் தேடுகிறோம் என்று கடைசிவரை அவர் கேட்கவில்லை. சட்டையெல்லாம் கறுப்பாக்கிக்கொண்டு, கிடைத்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிறகுதான் காருக்குள் ஜெபிக்கலாம் என்று தோன்றியது. பழகும் மைதானத்தின் ஓரத்தில், வேலிக்கு அருகே வெள்ளைக் காரை நிறுத்தி, புழுக்கத்துக்காக ஏசியைப் போட்டு எஞ்சினை ஓடவிட்டு, பழக்க தோஷத்தால் டிரைவர் சீட்டை விட்டு எனக்குரிய பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கண்ணை மூடினேன். அத்தான், முதல்முறையாக ஜெபம் ஒட்டியது. மனம் ஒரே இடத்தில் நின்றது. நடுவில் கதவு திறந்து மூடுகிற சத்தம் கேட்டது. அடுத்த பாடத்துக்கு வருகிற பல் டாக்டர் அம்மாவாக இருக்கும் என்று தெரியும். ஊரார் வாய்க்குள் அஞ்சாமல் கையை விடுகிறவர், கியரில் கை வைத்தால் மட்டும் நடுங்குகிறவர், டெஸ்டில் தோற்றுத் தோற்றுச் சோர்ந்துபோனவர். கொஞ்சம் காத்திருக்கட்டும், பதில் வரும்முன் கண்ணைத் திறக்கக் கூடாது என்று அத்தான் சொல்லியிருக்கிறாரே என்று நான் தொடர்ந்தேன். "போகவா, நிற்கவா? ஒரே வார்த்தை சொல்லும். போ என்றால் போ! வலது பக்கம் திரும்பவா, இடது பக்கம் திரும்பவா? தெளிவாகச் சொல்லும்!" என்று வாய்விட்டு, நீங்கள் சொன்னபடியே தெளிவாகக் கேட்டேன். கேட்கக் கேட்க என் உடம்பு லேசாகிறது. இருக்கை மிதக்கிறது. முகத்தின் மேல் வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகின்றன. இத்தனை வருஷ விசுவாச வாழ்க்கையில் இப்படி ஒரு அனுபவம் எனக்கு வாய்த்ததில்லை. ஆனந்தத்தில் கண்ணீர்கூட வந்தது. அப்போது மிக அருகில் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

பரலோகத்தில் லாரி இருக்காது என்று அந்த நிலையிலும் தோன்றியதால் கண்ணைத் திறந்தேன். நகரத்திலேயே நெரிசலான ரவுண்டானாவில் நாங்கள் போய்க்கொண்டிருந்தோம். பல் டாக்டர் முதுகை நிமிர்த்தி, கண்ணாடியைப் பார்த்து, சிக்னல் போட்டு, குலுங்காமல் கியர் மாற்றிக்கொண்டிருந்தார். நான் அலறியபடி, சொல்லிக்கொடுப்பவருக்கென்று என் பக்கமும் வைத்திருக்கிற பிரேக்கைத் தரையோடு மிதித்தேன். பின்னால் டமார் என்றது.

பின்னால் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தவர் நம் சபைப் போதகர். முழங்கையில் சிராய்ப்பு, வேறொன்றுமில்லை. ஹெல்மெட் மூக்கு வரை இறங்கியிருந்தது. அதைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"பிரதர், நடுரோட்டுல என்ன பண்றீங்க?"

"ஜெபம் பண்ணிட்டிருந்தேன் பாஸ்டர்."

"ஜெபம் நல்லதுதான். ஆனா இந்த இடத்துல நான் சொன்னாக்கூட பண்ணாதீங்க."

காரை ஓரங்கட்டினோம். பல் டாக்டர் அழுதுகொண்டிருந்தார். பயத்தினால் என்று நினைத்துத் தேற்றப் போனேன். பயமில்லை, கோபம்.

"நீங்கதானே சார் 'போ'ன்னீங்க! என்னடா இது, இன்னைக்கு மரியாதை இல்லாமப் பேசுறாரேன்னு நினைச்சேன். அப்புறம் 'வலது பக்கம் திரும்ப'ன்னீங்க, திரும்புனேன். கண்ணை மூடியிருந்தீங்க. சரி, நம்மள நம்பி மூடியிருக்கார்னு எனக்கு ஒரு தைரியம் வந்துச்சு. இவ்வளவு தூரம் ஒரு தடவகூட வண்டி நிக்கல சார். எப்பவும் நான் கிளட்ச் மிதிக்கிறதுக்குள்ள நீங்க பிரேக்க மிதிச்சிடுவீங்க. இன்னைக்குத்தான் எனக்கு ஓட்ட வருதுன்னே தெரிஞ்சது. அதையும் கெடுத்துட்டீங்க."

எல்லோரும் ஆபீசுக்கு வந்தோம். மனைவி போதகரின் முழங்கைக்கு மருந்து போட்டுக்கொண்டே முழுக் கதையும் கேட்டாள். ஆண்டவர் எனக்கு ஏதோ சொல்ல வருகிறார் போலிருக்கிறது என்றேன்.

"ஆண்டவர்கிட்ட வாய்விட்டுக் கேட்டீங்க, சந்தோஷம். என்கிட்ட என்னைக்காவது கேட்டீங்களா?"

உனக்கு என்ன தெரியும் என்று கேட்கத்தான் வாயெடுத்தேன். போதகர் இருந்ததால் தப்பித்தேன்.

"பழகுறதுக்கு ஆள் வரல, ஆள் வரலன்னு அலையுறீங்க. தினமும் பொம்பளைங்க போன் பண்றாங்க. 'கத்துக்குடுக்க லேடீஸ் யாராவது இருக்காங்களா'ன்னு கேக்குறாங்க. இல்லன்னு சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்குது. அப்ப எங்கே இருக்காங்கன்னு கேட்டா, பெரிய ஸ்கூலுக்குப் போங்கன்னு சொல்றேன். அங்க போற கூட்டத்துல பாதி நான் அனுப்பி வச்சதுதான்!"

"சிஸ்டர், உங்களுக்கே லைசென்ஸ் இருக்குல்ல?" என்றார் போதகர்.

"இருக்கு பாஸ்டர், பீரோல. இவர் பக்கத்துல உக்காந்து ஒரே ஒரு நாள் ஓட்டுனேன். அன்னைக்கே சாவியத் திருப்பிக் குடுத்துட்டேன்."

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, நாம் எல்லோரும் சேர்ந்து கொஞ்ச நேரம் பேசாமல் ஆண்டவர் சமுகத்தில் இருப்போம் என்றார். பல் டாக்டர் நம் சபையைச் சேர்ந்தவர் அல்ல, அவரும் தலைகுனிந்து உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்க எனக்கு முகமில்லை. குரல் எதுவும் கேட்கவில்லை, அத்தான், பொய் சொல்லக் கூடாது. ஆனால் இத்தனை நாளும் நெஞ்சில் கல்லாகக் கிடந்த பயம் மட்டும் எழுந்து பார்த்தபோது இல்லை. என் மனைவியின் முகத்தைப் பார்த்தேன். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

ஸ்கூலைக் கொடுக்கப்போவதில்லை. மனைவி இப்போது மாஸ்டரோடு தினமும் காலையில் வண்டி எடுக்கிறாள். பயிற்சி கொடுப்பதற்கான அனுமதியும் வாங்கிவிடுவாள். மாஸ்டர் அவளைத் திட்டுவதே இல்லை. இவ்வளவு நன்றாக ஓட்டுகிறவரை இத்தனை வருஷம் போன் எடுக்க வைத்தீர்களே என்று திட்டு முழுவதும் எனக்குத்தான். என் மனைவி சொல்லிக்கொடுக்க வந்தால்தான் மீதிப் பாடம் என்று பல் டாக்டர் காத்திருக்கிறார். நாளை காலை நான் நேரிலேயே பெரிய ஸ்கூலுக்குப் போய், மரியாதையாக, ஆனால் உறுதியாக, முடியாது என்று சொல்லிவிட்டு வரப்போகிறேன். என்ன பேச வேண்டும் என்று கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்துவிட்டேன்.

உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக. குறிப்பாக, ரவுண்டானாக்களில். பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். அக்காவுக்கு என் அன்பு மட்டும் போதும், செய்தி வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் ஆலோசனைக்குக் கீழ்ப்படிந்த மைத்துனன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் பெரிய ஸ்கூலுக்குப் போய் வந்துவிட்டேன். மேலாளர் என்னைக் குளிர்ந்த அறையில் உட்கார வைத்து டீ கொடுத்தார். நான் எழுந்து நின்று, பணத்துக்கு முன்னால் மண்டியிடாத ஒரு மனிதனின் மனசாட்சி என்று தொடங்கி, மாஸ்டர், மனைவி, விசுவாசம் எல்லாவற்றையும் சொல்லி, "எங்க ஸ்கூலை விக்க மாட்டேன்!" என்று முடித்தேன். அவர் கண் கலங்கிவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயா, நீங்க எந்த ஸ்கூல்?" என்று கேட்டார். சொன்னேன். ஏதோ தேடிப் பார்த்தார். அவர்கள் வாங்க நினைத்தது சந்தைக்குப் பின்னால் இருக்கிற வேறு ஸ்கூலையாம். இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருந்ததால் போன் எனக்கு வந்துவிட்டதாம். அந்த ஸ்கூல் போன வாரமே அவர்களோடு சேர்ந்துவிட்டது. நம் ஸ்கூலைக் கொடுத்தாலும் அவர்களுக்கு வேண்டாமாம். இதை நான் இன்னும் மனைவியிடம் சொல்லவில்லை. அவளோ, பெரிய இடத்தையே வேண்டாமென்று உதறிவிட்டு வந்த கணவன் என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்பும் சாட்சி சொல்லும்படி போதகர் கேட்டிருக்கிறார். என்ன சொல்லட்டும்? உடனே பதில் எழுதுங்கள், அத்தான். ஆண்டவருடைய பதிலுக்கு நான் எத்தனை நாளும் காத்திருக்கலாம், என் பதிலுக்குப் போதகர் ஞாயிறு வரைக்கும்தான் காத்திருப்பார்.