பீட்டா வதைப் படலம்

பொருநை நீராடி வளர்ந்த புயவலிமைக்காரனே, பாளையங்கோட்டை மென்பொருள் மாடத்தில் மின்விசிறிக்கு நேர்கீழ் இருக்கையைப் பொருது கைப்பற்றிய விசைப்பலகை வேந்தே, குமரகுருபரா, நீ வாழ்க! நின் சுழல்நாற்காலியும் வாழ்க!

கடல்கடந்த பேரறிஞர் கூடி ஒரு நிரல்மொழியைப் புதுக்கி, அதன் வெள்ளோட்டமாம் பீட்டாப் பதிப்பை உலகின்முன் நிறுத்தி, 'உங்கள் நிரல்களை இதில் ஓட்டிப் பாருங்கள். பழுது கண்டு சொல்வோர் பெயர் நன்றிப் பட்டியலில் ஏறும்' என்று முரசறைந்தனர். தன் பெயர் ஏறியே தீரும் என்று நம் வீரன் மாமனார் வீடு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டான். ஆகவே பீட்டாவில் பழுது இருந்தே ஆக வேண்டும்.

படை திரண்டது. அரிசி ஆலை இருப்பு நிரல், பள்ளிக்கூட வருகை நிரல், கல்யாண மண்டப முன்பதிவு நிரல் என ஒவ்வொன்றாகப் பீட்டாவின்மேல் ஏவினான். நிரல் தோற்றால் சிவப்பு காட்டும் சோதனையை 'பொறவு பாத்துக்கிடலாம்' என்று அணைத்து வைப்பது அந்த அலுவலக வழக்கம். அன்றோ வீரம் தலைக்கேறி, உறங்கிக் கிடந்த சோதனைகளையெல்லாம் தட்டி எழுப்பினான். ஆலை பச்சை. பள்ளியும் பச்சை. மனம் வாடினான். மண்டபமோ, ஆகா, குருதிச் சிவப்பு! ஒரே முகூர்த்தத்தை இரு வீட்டாருக்குத் தாரைவார்த்து நின்றது.

"ஏலே பீட்டா, ஆம்புட்டியா!" என்று எழுந்து முழங்கினான். "ரீபா, இங்கன வா! நம்ம பேரு உலகமெல்லாம் போவப் போவுது!"

அடுத்த மேசை ரீபா எட்டிப் பார்த்தாள். "பழுது நம்ம நிரல்ல இருக்காதுல்லா, அண்ணே?"

"நான் எழுதுனது, புள்ள!"

அத்தோடு வழக்கு முடிந்தது. பீட்டாவின் பேதைமையையும் அதைப் படைத்தோரின் பொறுப்பின்மையையும் பக்கம் பக்கமாய்ச் சாடி, மண்டப நிரலையும் சான்றாக இணைத்து, பட்டியலில் தன் பெயரை எழுத்துப்பிழையின்றிப் பொறிக்குமாறு ஆணையிட்டு மின்னஞ்சலை ஏவினான்.

காப்பி ஆறுமுன் மறுமொழி வந்தது. 'இந்தச் சோதனை எங்கள் மொழியின் இப்போது புழக்கத்தில் உள்ள பழைய பதிப்பிலும் தோற்கிறது. பழுது உங்கள் நிரலில்.'

மாமனாரிடம் என்ன சொல்வது என்றுதான் முதலில் கலங்கினான், பாவம். அந்த நிரல் கார்த்திகை மாதத்திலிருந்து மண்டபத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்பது அதற்கப்புறம்தான் உறைத்தது.

ரீபா மண்டபத்துக்குப் போன் போட்டுக் கேட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அங்கே இரண்டு கல்யாணம்.