கஃபீன் இல்லாத ரத்தம்

"இருபத்தேழாவது ஆள் ரத்தத்துலயும் கஃபீன் இருக்கு," என்றாள் சிர்க்கு. கோபப்படக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

ஐரோப்பியர்களின் மரபணு நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறுகிறது. மருந்தை உடம்பு கரைக்கும் வேகமும் அதோடு மாறுகிறது. அதை அளக்கப் பதினொரு நாடுகளில் ஆய்வு. காபியை அறவே நிறுத்தியவருக்குக் காபியில் இருக்கும் கஃபீனை மட்டும் அளந்து கொடுத்து, ரத்தத்திலிருந்து எப்போது மறைகிறது என்று பார்க்க வேண்டும். பத்து நாடுகள் முடித்துவிட்டன. மாதக் கடைசிக்குள் முடிவுகளைத் தராவிட்டால் பட்டியலில் ஃபின்லாந்து இருக்காது. சிர்க்குவுக்கு வேலையும் இருக்காது.

விழித்ததிலிருந்து படுக்கும்வரை காபி குடிக்கும் குவோப்பியோ ஊரில் இவளுக்கு வாய்த்த வேலை இது.

சோதனைக்கு முன் ஒரு நாள் என்றிருந்த காபித் தடையை இரண்டு நாளாக்கினாள். அளவு ஏறியது. நான்கு நாளாக்கினாள். இன்னும் ஏறியது.

"மறைச்சு மறைச்சுக் குடிக்கிறீங்க," என்றாள் தாய்ஸ்தோவிடம். சோதனைக்கு வந்திருந்த, ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரான அவர் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏம்மா, நாலு நாளா வெந்நீரைக் குடிச்சிட்டுக் கிடக்கேன். என் தங்கச்சி பையன் கல்யாணத்துலகூட ஒரு வாய் தொடலை. என்னைப் பொய்யன்னு சொல்றியா?"

"நான் சொல்லலை. உங்க ரத்தம் சொல்லுது."

"அப்ப அதுகிட்டயே பேசிக்க." தொப்பியை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவரோடு ஐந்து பேர் போனார்கள்.

மிச்சமிருந்தவர்களை ஆய்வுக்கூடத்திலேயே தங்கவைத்துப் பைகளைச் சோதித்தாள். நாலாம் நாள் காலை அளவு உச்சத்துக்குப் போயிருந்தது. உள்ளே ஒரு சொட்டுக் காபி கிடையாது.

வேறு வழி தெரியாமல் சிர்க்கு தானே காபியை நிறுத்தினாள். மூன்றாம் நாள் மண்டை பிளந்தது. உலகமே வெறுத்துப்போனது. நான்காம் நாள் தன் ரத்தத்தையே சோதித்தாள். அதிலும் கஃபீன் இருப்பதைப் பார்த்ததும் அழுகை வந்தது. தன்னையும் நம்ப முடியாவிட்டால் யாரைத்தான் நம்புவது?

வரவேற்பு மேசையைப் பார்த்துக்கொள்ளும் பிர்க்கோ தண்ணீர் டம்ளருடன் வந்தாள்.

"காலைல நான் குடுத்த மாத்திரை கேட்டுச்சா, சிர்க்கு?"

"கொஞ்சம் கேட்டுச்சு. ஏன்?"

"பாவம், வந்தவங்க எல்லாருமே தலைவலின்னு துடிச்சாங்க, அவங்களுக்கும் அதையேதான் குடுத்தேன். கஃபீன் கலந்ததுதான் சட்டுன்னு கேட்கும்னு மருந்துக்கடையில சொன்னாங்க."