மஞ்சள் முயல் நேரில் வரவும்

ஒரு காட்டில், மரங்களைவிடப் படிவங்கள் அதிகமாகிவிட்ட காலத்தில், பஞ்சவர்ணம் என்றொரு முயல் இருந்தாள். பெயரில்தான் ஐந்து நிறம். ஆள், உடைத்த தேங்காய் மாதிரி வெள்ளை. அப்போது அவளுக்கு நிறைமாதம். அவள் குடியிருந்த பள்ளத்து வளையில் போன மழைக்கே தண்ணீர் ஏறிவிட்டது. மேட்டில் வளை வேண்டுமென்றால் புகைப்படம் ஒட்டிய அட்டை வேண்டும் என்பது உத்தரவு. மழைக்கு முன் அட்டை கிடைக்காவிட்டால் குட்டிகளைத் தண்ணீரில்தான் ஈன வேண்டும்.

காட்டுக்கே ஒரே ஸ்டூடியோ, கரடி சடையாண்டியுடையது. ஒரு குகை, நடுவில் ஒரு குண்டு பல்பு. பஞ்சவர்ணத்தை ஸ்டூலில் உட்காரவைத்து, "மூக்கை ஆட்டாதே தாயி" என்று சொல்லிப் படம் எடுத்துக் கொடுத்தார்.

அலுவலகத்தில் ஆமை எழுத்தர் அந்தப் படத்தை விண்ணப்பத்தில் ஒட்டி, முத்திரையும் குத்தினார். அதற்குப் பிறகுதான் நிமிர்ந்து பார்த்தார். ஆமைக்குக் கழுத்து வெளியே வரக் கொஞ்சம் நேரமாகும்.

"படத்துல மஞ்சளா இருக்கே. நேர்ல வெள்ளையா இருக்கியே?"

"பல்பு மஞ்சளுங்க ஐயா."

"பல்புக்கா வளை கேட்டிருக்கே? வேற படம் கொண்டா."

சடையாண்டிக்கு முகம் விழுந்துவிட்டது. "நம்ம கண்ணுக்குப் பெரிய மனசு தாயி. பல்பு வெளிச்சத்துலயும் வெள்ளையை வெள்ளைன்னு ஒத்துக்கும். காமிராவுக்கு அந்த மனசு கிடையாது" என்றார். பல்பை அணைத்தார். அவளைக் குகை வாசலருகே சுவரோரமாக உட்காரவைத்தார். சுவருக்கு அந்த வருஷம்தான் கிளிப்பச்சை அடித்திருந்தார். வெயில் சுவரில் பட்டு அவள்மேல் தெறித்தது. படத்தில் பஞ்சவர்ணம் கீரைக்கட்டு மாதிரி இருந்தாள்.

எழுத்தர் அதைத் தூக்கிப் பிடித்து, வரிசையில் நின்றவர்களுக்கும் காட்டினார். "பேரு பஞ்சவர்ணம். ரெண்டு வர்ணம் வந்தாச்சு. மீதி மூணு எப்பம்மா?"

வரிசை முழுக்கச் சிரித்தது. அவள் வயிற்றைத் தாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது கிழக்கே மேகம் கட்டியிருந்தது.

மூன்றாம் முறை சடையாண்டி அவசரப்படவில்லை. பல்பைக் கழற்றியே வைத்துவிட்டார். பச்சைச் சுவரை வெள்ளை வேட்டியால் மறைத்தார். ஒரு கொக்கைக் கூப்பிட்டு ஸ்டூலில் நிறுத்தி, காமிராவின் காதில் சொல்வதுபோல, "இதுதான் வெள்ளை, நல்லாப் பாத்துக்கோ" என்றார். கொக்கை அனுப்பிவிட்டு அவளை உட்காரவைத்தார்.

படம் அச்சு அசலாக வந்தது. காதோரத்து இளஞ்சிவப்புகூடத் தப்பவில்லை. பஞ்சவர்ணம் அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினாள்.

எழுத்தர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடியும் படத்தைப் பார்த்தார்.

"ரொம்பப் பொருத்தமா இருக்கு. ஆனா நீ யாரு?"

"பஞ்சவர்ணங்க."

"பஞ்சவர்ணத்தோட விண்ணப்பம் இங்கே இருக்கு. ஒட்டி, முத்திரையும் வச்சாச்சு. அவ மஞ்சள் முயல். அவளை நேர்ல வரச்சொல்லு."

வாசலில் பச்சோந்தி நல்லதம்பி புது அட்டையால் விசிறிக்கொண்டிருந்தான்.

"உங்களுக்கு மட்டும் எப்படிண்ணே ஒரே தடவையில?"

"எனக்கும் மஞ்சளாத்தான் எடுத்தாரு. படத்தைப் பாத்தேன், அப்படியே ஆயிட்டேன். நீ என்னடான்னா படத்தைத் திருத்திக்கிட்டு அலையறே. எது சுலபம் தங்கச்சி, படத்தைத் திருத்தறதா, ஆளைத் திருத்தறதா?"

அவள் நேரே ஓடைக்கரைக்குப் போனாள். காட்டு மஞ்சள் கிழங்கைப் பிடுங்கிப் பாறையில் அரைத்தாள். கைக்கு எட்டாத முதுகில் அவள் கணவன் மருதன் பூசிவிட்டான்.

"காதுக்குப் பின்னால?"

"அது படத்துல தெரியாது, கிளம்பு."

அவளைக் கண்டதும் எழுத்தரின் கழுத்து அன்றைக்குத்தான் சட்டென்று வெளியே வந்தது. "வாம்மா பஞ்சவர்ணம். உனக்காகத்தான் காத்திருக்கேன்." அட்டையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் பேரைச் சொல்லிக்கிட்டு ஒரு வெள்ளை முயல் இந்தப் பக்கமா சுத்துது. ஜாக்கிரதையா இரு."

பஞ்சவர்ணம் அட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"நானும் பாத்தேங்க ஐயா" என்றாள். "அவ முழியே சரியில்ல."

அன்று மாலையே மழை பிடித்துக்கொண்டது. மேட்டு வளையில், காய்ந்த மண்ணில், ஆறு குட்டிகள் பிறந்தன.

நீதி: உன்னைப் போலவே இருக்கும் படம் சுவரில் மாட்டத்தான் உதவும். வளை வேண்டுமென்றால் படத்தைப் போல இருக்கப் பழகு. யாராவது கேட்டால், உன்னையே உனக்குத் தெரியாது என்று சொல்.